மூன்றாவது நட்டு

அக்டோபர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, கொரீன் டன்னிகன் லைல் பிராண்ட்வோல்டின் விமானக் கொட்டகைக்குள் வந்தாள். கையில் செருப்புப் பெட்டி அளவில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் அவள் கணவன் வெண்டலின் சாம்பல் இருந்தது.

"இதை உங்க விமானத்துல கொண்டுபோய்க் கடல்ல கொட்டணும், லைல். நானும் வரேன். கொட்டுறதை என் கண்ணால பார்க்கணும்."

லைல் கைத்துணியைக் கீழே வைத்தார். "ஷெல்பி பக்கத்துல புதைக்கப் போறதா சொன்னியேம்மா?"

"என் பொண்ணைக் கொன்னவரை என் பொண்ணு பக்கத்துலயே படுக்க வைக்கணுமா? ஒம்பது வருஷம் காரேஜ்ல உட்கார்ந்து விமானம் கட்டின மனுஷனுக்கு ஒரு நட்டை முறுக்கத் துப்பில்லை. நான் சொல்லலை, அதிகாரிங்க காகிதத்துலயே எழுதிட்டாங்க. சனிக்கிழமை போலாமா?"

அந்த நட்டை முறுக்காமல் விட்டது யார் என்று இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவர் அவள் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

லைலுக்கு அப்போது அறுபத்தாறு வயது. எங்கள் ஓரிகன் பள்ளத்தாக்கில் மர ஆலை ஓடிய காலத்தில் முப்பத்தொரு வருடம் ரம்பங்களுக்குக் கூர் தீட்டியவர். ரம்பத்தின் பல் ஒன்று தெறித்தால் ஒரு ஆளின் கை போய்விடும். அவர் தீட்டிய ரம்பத்தில் ஒருநாளும் அப்படி நடந்ததில்லை. கல்யாணம் ஒன்று செய்துகொண்டார். நான்காம் வருடம் அந்த அம்மாள், "நீ என்னைத் தொடறதைவிட அலுமினியத் தகட்டைத்தான் அதிகமா தொடறே" என்று சொல்லிவிட்டுத் தன் அக்காள் வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. லைல் மறுக்கவும் இல்லை, தேடிப் போகவும் இல்லை. அந்தத் தகடுகளிலிருந்து ஏழு வருடத்தில் இரண்டு பேர் உட்காரும் ஒரு விமானம் பிறந்தது. அதற்குப் பிறகு அவருக்கு உறவு என்றால் எங்கள் சின்ன விமான மைதானத்து ஆட்கள்தான்.

வீட்டில் விமானம் கட்டுகிறவன் யாராக இருந்தாலும், முதல் முறை பறக்குமுன் இன்னொரு ஆளைக் கூப்பிட்டுக் காட்டுவான். தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது அல்லவா? எங்கள் மைதானத்தில் அந்த இன்னொரு ஆள் லைல். "லைல் பார்த்தாச்சா?" என்பதுதான் இங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி. "பார்த்தாச்சு" என்றால் பிறகு பேச்சே இல்லை.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நட்டை ஸ்பேனரால் இறுக்கியதும், நட்டின் மேலும் அது உட்காரும் இடத்தின் மேலும் சேர்த்து ஆரஞ்சு வண்ணத்தில் ஒரு கோடு இழுப்போம். கோடு இருக்கிறதா, இறுக்கியாயிற்று என்று பொருள். அதற்குப் பிறகு யாரும் அந்த நட்டைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

வெண்டலும் ஷெல்பியும் செத்த அந்த ஜூலை மாதத்துச் சனிக்கிழமை நடந்தது இதுதான்.

கோடையில் மாதம் ஒருமுறை ஐந்தாறு விமானங்கள் சேர்ந்து, மலையைத் தாண்டி, டன்மோர் விரிகுடாவின் ஓடுதளத்துக்குப் பறப்போம். நாற்பது நிமிடப் பயணம். மணலில் நடந்து போய் மட்டி சூப் குடித்து, உப்புக் காற்று வாங்கிவிட்டு, பிற்பகல் மூடுபனி வருமுன் வீடு திரும்புவோம். காலையில் கடற்கரை பெரும்பாலும் பனியால் மூடிக் கிடக்கும். அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அம்மாள் ஃபோனில் "ஓடுதளம் தெரியுது" என்று சொல்லும்வரை எங்கள் மைதானத்தில் காபியும் கேலியுமாகப் பொழுது போகும்.

அன்றும் அப்படித்தான். மெர்ல் என்பவன் லைலுக்கு இருபது வருடத்துச் சிநேகிதன், வாய்த்துடுக்கு அதிகம்.

"டேய் கிழவா, எத்தனை தடவைடா துடைப்பே? பெயிண்ட் போய்த் தகடு தெரியப் போகுது!"

"உன் விமானத்துல தகடே தெரியலை, அழுக்குதான் தெரியுது. அதைப் போய்ப் பாரு."

வெண்டலின் மகள் ஷெல்பி கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாள். பத்தொன்பது வயது. அப்பாவோடு கடற்கரைக்குப் பறப்பது அவளுக்கு அதுதான் முதல் முறை. "அப்பா, மூணாவது கப் காபி இது. மலைக்கு மேல போனப்புறம் பாத்ரூம் எங்கன்னு என்னைக் கேட்கக் கூடாது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பாவம், அதுவே அவளுடைய கடைசிக் காலை என்று யார் கண்டது!

வெண்டலுக்கு எஞ்சின் பக்கம் பெட்ரோல் வாசனை வந்தது. லைலைத் தனியாகக் கூப்பிட்டான். லைல் மூடியைத் திறந்து பார்த்தார். பெட்ரோல் குழாயில் ஒரு சிறு விரிசல். தன் கொட்டகையிலிருந்து புதுக் குழாய் கொண்டுவந்து மாற்றினார். மொத்தம் மூன்று நட்டுகள். இரண்டை ஸ்பேனரால் இறுக்கினார். மூன்றாவது சின்னது. அதை விரலால் திருகிவைத்துவிட்டு, சின்ன ஸ்பேனர் வாங்கிவர மெர்லின் கொட்டகையை நோக்கி நடந்தார்.

பாதி தூரம் போயிருப்பார்.

"கடல் தெறந்தாச்சு!" என்று மெர்ல் ஃபோனும் கையுமாகக் கத்தினான். ஆளாளுக்கு ஓடினார்கள். எஞ்சின்கள் உறுமின. லைல் திரும்பினார். எதற்காக நடந்தோம் என்பது அந்த ஒரு நொடியில் அவர் மனதைவிட்டுப் போய்விட்டது. தூரிகையை எடுத்தார். மூன்று நட்டுகளிலும் மூன்று கோடு இழுத்தார்.

"ஆச்சு, மூடு" என்றார்.

வெண்டல் மூடினான். கோடு போட்டவர் லைல் ஆயிற்றே! அவன் ஏன் சரிபார்க்கப் போகிறான்?

போகும்போது அந்த நட்டு தாங்கியது. சூப் குடித்துவிட்டு, ஒன்றரை மணிக்கு டன்மோரிலிருந்து அப்பாவும் மகளும் முதலில் கிளம்பினார்கள். முந்நூறு அடி உயரத்தில் எஞ்சின் அடங்கியது. வெண்டல் ஓடுதளத்துக்குத் திரும்பப் பார்த்தான். இடது இறக்கை சரிந்தது. தண்ணீர் வடிந்து கிடந்த சேற்றில் போய் விழுந்தார்கள். அடுத்து கிளம்பக் காத்திருந்த லைல் அதைத் தன் விமானக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

சாயங்காலம் விசாரணை அதிகாரி ஒவ்வொருவரையும் கேட்டார். "காலையில யாராவது அந்த எஞ்சினைத் தொட்டீங்களா?"

"இல்லை" என்றார் லைல். மூன்றாவது நட்டு அப்போது அவர் நினைவிலேயே இல்லை. பயத்தில் வாய் தானாகச் சொன்ன பொய். சொன்ன பிறகு விழுங்க முடியவில்லை.

செப்டம்பரில் அறிக்கை வந்தது. 'பெட்ரோல் குழாயின் ஒரு நட்டு விரலால் மட்டும் திருகப்பட்டுள்ளது. அதன் மேல் வண்ணக் கோடு இருக்கிறது. கட்டியவரின் கவனக்குறைவு.' அதைப் படித்த அன்றுதான் லைலுக்கு அந்தப் பாதி தூர நடை ஞாபகம் வந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. வாரம் ஒருமுறை கொரீன் வீட்டுக்குப் போய்ப் புல் வெட்டிக் கொடுத்தார். அவள் ஆப்பிள் பை செய்து வைப்பாள். சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து செத்துப்போன கணவனைத் திட்டுவாள். லைல் தலையைக் குனிந்து தின்பார்.

இப்போது அவள் பெட்டியோடு வந்து நிற்கிறாள். சனிக்கிழமைவரை அவருக்கு நேரம் இருந்தது. சொல்லிவிட்டால் மகளுக்குப் பக்கத்தில் வெண்டலுக்கு ஆறடி மண் கிடைக்கும். சொல்லாவிட்டால் அவன் கொலைகாரனாகவே கடலில் கரைவான். இரண்டு நாளில் அவர் செய்ததெல்லாம், சாம்பலை வெளியே விட விமானத்தின் தரையில் ஒரு குழாய் பொருத்தியதுதான். அதன் நட்டுகளை நான்கு முறை இறுக்கிப் பார்த்தார்.

சனிக்கிழமை வானம் சுத்தமாக இருந்தது. கொரீன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மலையைத் தாண்டும்போது ஹெட்போனில் அவள் குரல் வந்தது.

"கடைசியா அவ என்ன சொல்லியிருப்பா, லைல்? 'அப்பா'ன்னுதானே கத்தியிருப்பா? அந்த மனுஷனைத்தானே நம்பியிருப்பா?"

"வெண்டல் கவனமான ஆளும்மா."

"கவனமான ஆளா! அப்போ என் பொண்ணு எங்கே?"

கடல் தெரிந்தது. அலைக்கு மேல் தாழ்வாகப் பறந்தார்கள். கொரீன் பெட்டியின் மூடியைத் திறந்தாள். சாம்பல் நிறத் தூசி கொஞ்சம் அவள் கோட்டில் ஒட்டியது. அதைத் தட்டிவிட்டாள், அழுக்கைத் தட்டுவதுபோல.

லைலுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"மூடு. மூடிடு கொரீன். முதல்ல கீழ இறங்கலாம்."

"ஏன்? என்ன ஆச்சு?"

"இறங்கலாம்மா. கெஞ்சிக் கேக்கறேன்."

டன்மோர் ஓடுதளத்தில் அன்று வேறு விமானம் இல்லை. மணல் ஓரமாக ஒரு மேசையும் பெஞ்சும் இருந்தன. அவள் உட்கார்ந்தாள். அவர் உட்காரவில்லை.

"அந்த நட்டு வெண்டல் போட்டது இல்லை. நான் போட்டது."

"எந்த நட்டு?"

அவர் சொன்னார். விரிசலையும், புதுக் குழாயையும், ஸ்பேனர் வாங்கப் போய்ப் பாதியில் திரும்பியதையும், கோடு இழுத்ததையும், அதிகாரியிடம் சொன்ன பொய்யையும் ஒன்று விடாமல் சொன்னார். காற்று அடித்துக்கொண்டே இருந்தது. அவள் பேசியபோது, அதுவரை சொல்லிவந்த 'நீங்க' போயிருந்தது.

"என் வீட்டுப் புல்லை வெட்டினியே."

"ஆமா."

"நான் அவரைத் திட்டத் திட்ட, எதிர்ல உட்கார்ந்து தின்னியே."

"ஆமாம்மா."

"'அம்மா'ன்னு கூப்பிடாதே!" அவள் பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "இத்தனை நாளா இது எங்க இருந்தது தெரியுமா? காரேஜ்ல, பெயிண்ட் டப்பாங்களுக்கு நடுவுல. ஒருநாள் இதை உதைச்சேன், லைல். என் புருஷனைக் காலால உதைச்சேன்!"

பிறகு அவள் அழுத அழுகையை, கடை வாசலுக்கு ஓடிவந்து பார்த்த அந்தக் கடைக்கார அம்மாள் இன்றும் சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

இரண்டு மணிக்குக் கடல் பக்கம் பனி வெள்ளைச் சுவர்போல எழுந்தது.

"கிளம்பணும். இன்னும் அரை மணியில ஓடுதளம் மூடிடும்" என்றார் லைல்.

"உன்கூடவா? நீ முறுக்கின விமானத்துலயா?" என்று கேட்டு அவள் சிரித்தாள். பிறகு மெர்லுக்கு ஃபோன் செய்தாள். காரில் வர இரண்டரை மணி நேரம் ஆகும். அவள் கடைக்குள் போய், பெட்டியைப் பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். லைல் பறந்து போயிருக்கலாம். போகவில்லை. பனி மூடிய பெஞ்சிலேயே இருந்தார்.

மெர்ல் வந்தான். கடைக்குள் கொரீன் சொன்னதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தான்.

"டேய்... நிஜமாடா?"

"நிஜம்."

இருபது வருடத்தில் முதல் முறையாக மெர்லுக்குக் கேலி வரவில்லை. "அன்னிக்கு நான் அப்படிக் கத்தாம இருந்திருந்தா..."

"நீ கத்தினதுல தப்பில்லை. போ, அவளைப் பத்திரமா கூட்டிட்டுப் போ."

மறுநாள் பனி விலகியதும் லைல் தனியாகப் பறந்து வந்தார். கொட்டகையைப் பூட்டினார். திங்கட்கிழமை அதிகாரியைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். அறிக்கை திருத்தப்பட்டது. மைதானத்தில் யாரும் அவரைத் திட்டவில்லை, கேட்கவும் இல்லை. 'லைல் பார்த்தாச்சா?' என்ற அந்தப் பழைய கேள்வியையும் இப்போது யாரும் கேட்பதில்லை. அவரும் அதற்குப் பிறகு ஸ்பேனரைத் தொடவில்லை.

நவம்பரில் நல்ல மழை நாளில் வெண்டலை ஷெல்பிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். கொரீன் தானே மண்டியிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் குழிக்குள் இறக்கினாள். ஏதோ சொன்னாள். மன்னிப்புக் கேட்டிருக்கலாம், எங்கள் காதில் விழவில்லை.

கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே, சாலை ஓரமாக லைல் நின்றிருந்தார். குடை இல்லை. தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். கொரீனின் தங்கைதான் முதலில் பார்த்தாள்.

"அக்கா, அந்த ஆள் வந்திருக்கான். போகச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

"உள்ள கூப்பிடட்டுமா?"

கொரீன் வாசல் கேட் பக்கம் திரும்பினாள். லைல் தலை நிமிரவில்லை.

"வேண்டாம். நிக்கட்டும்" என்றாள்.

கடைசி மண்வெட்டி மண் விழும்வரை அவர் அங்கேயே நின்றார்.