சந்திரகிரியில் விழாமல் வந்த எட்வர்ட்

எட்வர்ட் அண்ணன் சந்திரகிரிக்கு வந்தது கோட்டை பார்க்க அல்ல. அங்கே ஏதாவது ஒரு படியில் எல்லோர் கண் முன்னாலும் விழுவதற்காக. இது எனக்கு மட்டும்தான் தெரியும். ஏனென்றால் அவர் காலை நசுக்கியவன் நான்.

தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி. பேர் வேண்டாம், நாளைக்கும் நான் உள்ளே போக வேண்டும். கேட்டைத் தாண்டியதும் ஒரு பச்சைப் பலகை நிற்கும். மேலே ‘விபத்தில்லா நாட்கள்’ என்று எழுதி, கீழே தகர எண்கள் மாட்டக் கொக்கி வைத்திருப்பார்கள். காலை ஷிஃப்டுக்கு முதலில் வருகிறவன் பழைய எண்ணைக் கழற்றிப் புது எண்ணை மாட்ட வேண்டும். பெரும்பாலும் அது நான்தான். கவரைப்பேட்டையிலிருந்து வரும் எங்கள் வேன்தான் முதலில் உள்ளே நுழையும்.

யாருக்காவது அடிபட்டு அது ரிஜிஸ்டரில் ஏறினால் பலகை பூஜ்யத்துக்குப் போய்விடும். சந்திரகிரி போவதற்குச் சரியாக ஒரு வருஷம் முன் சாம்சன் என்று ஒருத்தன் கையைக் கிழித்துக்கொண்டு, முறைப்படி போய் எழுத வைத்தான். இருநூற்றுப் பதினொன்று பூஜ்யமாயிற்று. யாரும் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த மாதம் அவனுடைய கேட் பாஸ் மட்டும் புதுப்பிக்கப்படவில்லை. அதற்கப்புறம் எங்களில் யாருக்கும் அடியே படுவதில்லை.

எட்வர்ட் அண்ணனுக்கு நாற்பத்தாறு வயது. அவர் அப்பா பாக்கியநாதன் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, அறுத்து, அந்த நிலம் ஃபேக்டரிக்குப் போனபோது கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர். மகன் பத்தொன்பது வயதில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லுக்குள் நுழைந்தார். இருபத்தேழு வருஷத்தில் ஐந்து கம்பெனி, எல்லாம் கான்ட்ராக்ட். சட்டையின் நிறம் மட்டும் மாறியது: நீலம், சாம்பல், காக்கி, மறுபடி நீலம். மகள் ஏஞ்சலின் நர்சிங் படிக்கிறாள். அவருக்கு ஐந்து வருஷமாகச் சுகர். எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவார். சர்ச்சில் பிரசங்கம் தொடங்கும்போதே கண் மூடிவிடும். பாஸ்டர் சொல்லிப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பலகையில் முந்நூற்று அறுபத்தொன்று. நான் மூட்டை அடுக்கிய பேலட் வண்டியைப் பின்பக்கமாக இழுத்து வந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். சக்கரம் அவர் இடது கால் மேல் ஏறி இறங்கியது. சேஃப்டி ஷூ என்று பேர்தான், முன்பக்கம் பிளந்து, விரலைக் காக்கும் இரும்பு மூடி எப்போதோ விழுந்துவிட்டது. புதுசு கேட்டு ஸ்டோரில் இரண்டு தடவை நின்றார். ஸ்டாக் இல்லையாம்.

அவர் கத்தவில்லை. மூட்டையின் மேல் உட்கார்ந்து பல்லைக் கடித்தார்.

“ஃபர்ஸ்ட் எய்டுக்குப் போலாம் வாண்ணா” என்றேன்.

“போயி இன்னான்னு சொல்லுவ? போர்டுல இன்னா நம்பர் மாட்டின காலைல?”

“உனக்கு சுகர் கீதுணா. வெள்ளாட்டு இல்ல.”

“ஞாயித்துக்கெழம கோட்டைக்கு இட்டுனு போறாங்க இல்ல. அங்க அல்லாரும் பாக்க படில உழுந்துடறேன், எவனும் கேள்வி கேக்க மாட்டான். வெளிய உழுந்தா போர்டுக்கு வராது. அப்பால லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன். நீ வாய மூடிக்கினு இரு.”

முந்நூற்று அறுபத்தைந்து நாள் முடிந்தால் கைடோடு ஒருநாள் சுற்றுலா என்று கம்பெனி சொல்லியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த வாரம் யாருக்கும் லீவு கிடையாது, ஆஸ்பத்திரிக்குப் போனால் படுக்க வைத்துவிடுவார்கள். அவர் துணி சுற்றி, வலி மாத்திரை போட்டு, அந்தப் பிளந்த ஷூவுக்குள்ளேயே நாலு நாள் நொண்டாமல் நடந்தார். நான் தினமும் எண்ணை மாட்டினேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பேருந்து கிளம்பியது. நாற்பத்திரண்டு பேர், எல்லோருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் டி-ஷர்ட். திருவள்ளூர் டிராவல்ஸ்காரர் அனுப்பிய கைடு மைக்கைப் பிடித்துக்கொண்டு பாதி தமிழும் பாதி தெலுங்குமாகப் பேசினார். எட்வர்ட் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து, மாத்திரை விழுங்கி, எந்தப் படியில் விழுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். எங்கள் நாற்பத்திரண்டு பேரில் அன்றைக்கு உருப்படியான திட்டம் இருந்தவர் அவர் ஒருத்தர்தான்.

ஊத்துக்கோட்டை தாண்டியதும் வீரராகவன் சார் மைக்கை வாங்கினார். அவர்தான் எங்கள் சேஃப்டி ஆபீசர். கெட்ட மனிதர் இல்லை. எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார், பிள்ளைகள் படிப்பைப் பற்றி விசாரிப்பார். கெட்டவராக இருந்தால் எங்களுக்கு அவரை ஏமாற்றச் சுலபமாக இருந்திருக்கும்.

“ஒரு விஷயம் சொல்லிடறேன். இந்த ட்ரிப் கம்பெனி ஏற்பாடு. பஸ் ஏறினதுலேருந்து எறங்கற வரைக்கும் டியூட்டி மாதிரிதான். இன்னிக்கு யாருக்காவது அடிபட்டா அதுவும் ரிப்போர்ட் ஆகும், போர்டும் ஜீரோ ஆகும். அதனால கையப் புடிச்சிக்கிட்டு ஜாக்கிரதையா ஏறுங்க.”

எல்லோரும் கை தட்டினார்கள். நான் எட்வர்ட் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். “பேஜாராப் போச்சுபா” என்றார். அவ்வளவுதான். விழ வந்த மனிதர் இனி நாள் முழுக்க விழாமல் இருக்க வேண்டும்.

நாகலாபுரத்தில் நாஷ்டா. புத்தூர் தாண்டி, திருப்பதி தாண்டி, சந்திரகிரி போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. கீழே ராஜ மகால், பக்கத்தில் ராணி மகால், பின்னால் பாறை மலை. மகாலின் அடித்தளத்திலிருந்து மாடி வரை மரமே இல்லாமல் கட்டியது என்று கைடு சொன்னார். உள்ளே சிலைகளை வைத்திருக்கிறார்கள். நல்ல இடம்தான். வாரத்துக்கு ஆறு நாள் நின்று வேலை பார்க்கிறவனை ஏழாவது நாளும் நிற்க வைத்துச் சரித்திரம் சொன்னால் எவனுக்கு ஏறும்? பாதிப் பேர் தூண் நிழலில் சாய்ந்துவிட்டார்கள்.

“இப்போ நீங்கல்லாம் இருக்கிற மெட்ராஸ் கீதே, அந்தப் பூமிய வெள்ளக்காரனுக்கு எழுதிக் குடுத்த ராஜா இங்கதான் இருந்தாருன்னு சொல்வாங்க நைனா” என்றார் கைடு.

சுவரைப் பிடித்து நின்றிருந்த எட்வர்ட் அண்ணன் என் காதில், “அதுல பயிர் வெச்சிக்கினு இருந்தவன் இன்னா ஆனான்னு கேளு” என்றார்.

கேட்டேன். கைடு தலையைச் சொறிந்தார். “அது பேப்பர்ல லேதுண்ணா.”

எட்வர்ட் அண்ணன் அன்றைக்குச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பகல் சாப்பாட்டுக்கு அப்புறம் மலைமேல் இருக்கும் இடிந்த வாசல்வரை ஏற வேண்டும் என்றார் கைடு. வயிறு நிறைந்தவர்கள் முனகினார்கள். ஆனால் பேனர் பிடித்துக் குரூப் போட்டோ அங்கேதான் என்று வீரராகவன் சார் முடிவு செய்திருந்தார். போட்டோவில் நாற்பத்திரண்டு தலையும் இருக்க வேண்டும், மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய படம்.

கல் படிகள் ஒன்றுக்கொன்று உயரம் வேறு. எட்வர்ட் அண்ணன் வலது காலை எடுத்து வைத்து, இடது காலைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, மறுபடி வலது காலை வைத்து ஏறினார். நான் பின்னாலேயே போனேன். அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு திருப்பத்தில் உடம்பு ஆடியது. விழப்போகிறார் என்று நான் கை நீட்டுவதற்குள் மேல் படியில் நின்ற வீரராகவன் சார் இறங்கி வந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“வயசாயிடுச்சா எட்வர்ட்? என்னப் புடிச்சிக்கிட்டு வாங்க.”

பாதுகாப்பு அதிகாரியே கைத்தாங்கலாக அவரை உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

மேலே காற்று நன்றாக அடித்தது. கீழே ஊரும் குளமும் தெரிந்தன. பேனரை விரித்தார்கள். வீரராகவன் சார் பையிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்தார்.

“இந்த வருஷம் சிறந்த பாதுகாப்புத் தொழிலாளி ஒருத்தருக்குப் பரிசு. எட்டு வருஷமா ஒரு சின்னக் கீறல்கூட இல்லாதவர். நம்ம எட்வர்ட்.”

பெட்டிக்குள் புதுச் சேஃப்டி ஷூ. கறுப்பு, பளபளவென்று, முன்னால் இரும்பு மூடி வைத்தது. ஸ்டோரில் இரண்டு தடவை கேட்டுக் கிடைக்காதது.

“அப்படியே போட்டுக்குங்க. போட்டோல ஷூ தெரியணும்.”

அவர் ஒரு கல்லில் உட்கார்ந்தார். வலது கால் ஒரு நொடியில் ஷூவுக்குள் போயிற்று. இடது காலில் சாக்ஸோடு சேர்த்துத் துணி சுற்றியிருந்தது, பாதம் தடித்திருந்தது. எல்லோரும் செல்போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். நான் போய் முன்னால் மண்டியிட்டேன், மற்றவர்களுக்குக் கால் தெரியாமல் இருக்கட்டும் என்று.

“சார்” என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். வண்டி இழுத்தவன் யார் என்று கேட்பார்கள் என்ற நினைப்பும் கூடவே வந்தது. அதை ஒளிக்காமல் சொல்கிறேன், அவருக்காக மட்டும் நான் பயப்படவில்லை.

எட்வர்ட் அண்ணன் என் தோளை அழுத்தினார். “தள்ளுபா. லேசு கட்டு.”

ஷூவைப் பிடித்துத் தள்ளினேன். உள்ளே ஏதோ நழுவியது என் கையில் தெரிந்தது. அவர் மூச்சு நின்று திரும்பி வந்தது. லேஸைக் கட்டினேன். அவர் எழுந்து, பேனருக்கு நடுவில் போய் நின்றார். கைடு “சிரிங்கண்ணா” என்றார். சிரித்தார். அந்தப் படம் இன்னும் எங்கள் கேன்டீன் சுவரில் இருக்கிறது.

இறங்கும்போது கைடு தலை எண்ணினார். நாற்பத்திரண்டு பேர், யாருக்கும் ஒன்றுமில்லை. திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் எல்லோரும் தூங்கினார்கள். எங்கே உட்கார்ந்தாலும் தூங்குகிற மனிதர் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டே வந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கவரைப்பேட்டையில் நாங்கள் இரண்டு பேரும் இறங்கினோம். வீரராகவன் சார் ஜன்னலிலிருந்து கை ஆட்டினார். எட்வர்ட் அண்ணனும் ஆட்டினார். பேருந்து திரும்பி மறையும்வரை நின்றார். என் தோளில் கை போட்டு அவர் வீட்டு வாசல்வரை வந்தார்.

“இப்ப உழறேன்” என்றார்.

விழக்கூட அவருக்குத் தெம்பில்லை. அப்படியே தெருவில் உட்கார்ந்தார்.

சுகிர்தா அண்ணி வெளியே ஓடி வந்தார். “இன்னா ஆச்சு? எங்க உழுந்த?”

“இங்கதான். ஊட்டாண்ட. கல்லு தடுக்கிச்சு.”

“மோகன், நீ பாத்தியா?”

“பாத்தேன் அண்ணி” என்றேன்.

ஷூ கழலவில்லை. கத்தியால் லேஸை அறுத்துத்தான் எடுத்தோம். துணியைப் பிரித்ததும் நாற்றம் வந்தது. இரண்டு விரல் கறுத்திருந்தன. அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது இன்னிக்கி உழுந்த காலா?”

அண்ணி அவர் முகத்தையும் என் முகத்தையும் பார்த்தார். அப்புறம் மூலையில் கிடந்த புது ஷூவைப் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் ஆட்டோ கூப்பிடப் போனார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது எங்களுக்கு முன்னால் அவரே சொல்லிவிட்டார்: “ஊட்டாண்ட உழுந்துட்டாரு டாக்டர்.”

ஒரு விரலைக் காப்பாற்றினார்கள். பெருவிரலை எடுத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை நான்தான் முதலில் போனேன். முந்நூற்று அறுபத்தேழை மாட்டினேன். பூஜ்யம் எழுதிய தகரங்கள் அதே பெட்டியில்தான் கிடந்தன. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போட்டுவிட்டேன். அன்றைக்கு எனக்கு என்னையே பிடிக்கவில்லை. இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை.

மூன்று வாரம் கழித்து, முந்நூற்று எண்பத்தெட்டாம் நாள், எட்வர்ட் அண்ணன் வேலைக்கு வந்தார். கேட் பாஸ் புதுப்பித்திருந்தார்கள். வீட்டில் விழுந்தவர்தானே, யாருக்கு என்ன கஷ்டம். நான் எண்ணை மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாக நடந்து என் பக்கத்தில் வந்து நின்றார். காலில் அந்தப் பரிசு ஷூ.

“இறுக்கலையாணா?” என்று கேட்டேன்.

அவர் குனிந்து இடது காலைப் பார்த்தார்.

“இல்லபா. இப்ப முன்னாடி கொஞ்சம் துணி வெக்க வேண்டி கீது.”