என்ர மனுசனுக்கு மாலை போடாதேங்கோ

ஊரை விட்டு வெளிநாட்டுக்கு வந்து, மல்கிரேவில ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில வேலை செய்யிறன். போன வருசம் ஒருநாள் மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு, கோப்பைகளை மெசினுக்குள்ள அடுக்கிக்கொண்டு நிக்கேக்க போன் வந்தது. சண்டையில செத்த எங்கட ஆக்களின்ர நினைவுநாள் கொமிற்றியில இருக்கிற ஒரு அண்ணை. எழுபது வயசு, ஊரில வாத்தியாராய் இருந்தவர். போனில கதைச்சாலும் மேடையில கதைக்கிற மாதிரித்தான்.

“தங்கச்சி, இந்த முறை தளபதியின்ர படத்தைப் பெருசா அடிச்சிருக்கிறம். சுடர் நீங்கள்தான் ஏத்தோணும். முன்வரிசையில உங்களுக்குக் கதிரை போட்டிருக்கு.”

தளபதி எண்டு அவர் சொன்னது என்ர புருசனை.

“அண்ணை, அந்த வரிசையில செத்த ஆக்களின்ர படம்தானே வைக்கிறனீங்கள்?”

“ஓம்...”

“அப்ப இவற்ர படம் அங்க என்னத்துக்கு?”

 பிறகு வருத்தக்காரியோட கதைக்கிற மாதிரி, “எத்தினை வருசமாச்சுத் தங்கச்சி. ஏற்றுக்கொள்ளத்தானே வேணும்” எண்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. முன்வரிசைக் கதிரையைக் கொண்டுபோய் நான் என்ர குசினியிலயோ போடுறது? அவற்ர படத்தை வைச்சியளெண்டால் நான் மனுசியாய் இருக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு போனை வைச்சிட்டன்.

எல்லாருக்கும் என்ர மனுசனைத் தெரியும் எண்டு நினைப்பு. சீருடையும் தொப்பியுமாய் ஒரு படம் இருக்கு, அதைத்தான் தெரியும். என்னோட குடும்பம் நடத்தினவர் வேற ஆள். ஆறுதலாய் இருந்து ஒரு நேரம் சாப்பிட்டதில்லை. வோக்கிடோக்கியைக் காதடியில வைச்சுக்கொண்டு, நிண்டபடி நாலு வாய் அள்ளிப்போட்டு ஓடுவார். அத்தனை பெடியளை வெருட்டி வேலை வாங்கிற மனுசன், பல்லுக் கழட்டப் பயந்து மூண்டு மாதம் கன்னத்தைப் பொத்திக்கொண்டு திரிஞ்சவர்.

எங்கட சனம் வெளிக்கிடேக்க “போறன்” எண்டு சொல்லாது. “போட்டு வாறன்” எண்டுதான் சொல்லும். இவர் ரெண்டும் சொல்லமாட்டார். வருவனோ மாட்டனோ எண்டு எனக்கே தெரியாது, தெரியாததை உனக்குச் சொல்லமாட்டன் எண்டுவார். படலையைத் திறப்பார், போயிடுவார். அந்த ஒரு சொல்லுக்காக நான் பிடிச்ச சண்டை கொஞ்சநஞ்சமில்லை.

நல்லவர் எண்டு நான் சொல்ல வரேல்லை. வீட்டுக்கு ஒரு பிள்ளையை இயக்கத்துக்குத் தரோணும் எண்ட காலத்தில ஒரு தாய் எங்கட படலையடிக்கு வந்தவ. ஏ.எல். சோதினை எழுத இருந்த மகன், அந்த வீட்டில ஒரேயொரு ஆம்பிளைப் பிள்ளை, அவனை இவற்ர ஆக்கள் ஏத்திக்கொண்டு போயிட்டினம். மனுசி படலைக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு, “அவனை விட்டிட்டு என்னைக் கொண்டுபோங்கோ” எண்டு குழறி அழுதா. இவர் வாகனத்துக்குள்ள இருந்துகொண்டு, “எல்லா வீட்டிலயும்தான் அம்மா எடுக்கிறம்” எண்டு சொல்லிப்போட்டு ரோட்டைப் பார்த்தார். நான் குசினி யன்னலுக்குப் பின்னால நிண்டனான். வாய் திறக்கேல்லை. மனுசிக்கு ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்கேல்லை. அந்த வெக்கம் இண்டைக்கும் என்னைத் தின்னுது.

பிறகு சண்டை தோத்து எல்லாம் முடிஞ்சது. இயக்கத்தில ஒருநாள் இருந்திருந்தாலும் வந்து பதியுங்கோ எண்டு ஆமிக்காரர் ஒலிபெருக்கியில கூப்பிட்டவை. காலமை ரெண்டு பேரும் ஒரே பேணியில கஞ்சி குடிச்சனாங்கள். ஆரோ குடுத்த சேட், தோளில தொங்கினது, அதைப் போட்டுக்கொண்டு போய்ப் பேரைப் பதிஞ்சார். பின்னேரம் பஸ்ஸில ஏத்தினவை. படியில ஒரு காலை வைச்சிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்.

“போட்டு வாறன்” எண்டார். அத்தனை வருசத்தில அதுதான் முதல்தரம்.

அந்த பஸ் எங்க போனது எண்டு இண்டைவரைக்கும் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. நான் ஏறாத படியில்லை, குடுக்காத மனுவில்லை. இந்த நாட்டுக்கு வந்த பிறகும் எத்தினையோ படிவம் நிரப்பிப்போட்டன். விதவை எண்ட பெட்டிக்குள்ள ஒருநாளும் நான் சரி போட்டதில்லை. தாலியும் கழட்டேல்லை, பொட்டும் அழிக்கேல்லை. கோயிலில சில அன்ரிமார் என்ர நெத்தியைப் பார்த்திட்டு ஆளையாள் பார்ப்பினம். அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் பெரிய பொட்டாய் வைச்சுக்கொண்டு போவன். நல்லாப் பார்க்கட்டும்.

நினைவுநாளுக்குக் கிளேட்டன் பக்கம் ஒரு மண்டபம் எடுத்திருந்தவை. என்ர சொல்லைக் கேட்டிருக்கமாட்டினம் எண்டு எனக்குத் தெரியும். சிவப்புச் சீலை உடுத்துக்கொண்டு நேரத்தோடயே போனன். சனம் அப்பதான் ஒண்டிரண்டாய் வந்துகொண்டிருந்தது. படங்களுக்கு நடுவில இவர். மாலை போட்டு, முன்னால ஒரு விளக்கு வைச்சிருந்தவை. படத்துக்குக் கீழ ஒரு திகதி.

ஐயோ, அந்தத் திகதி! பஸ் ஏறின நாள். என்னோட ஒரே பேணியில கஞ்சி குடிச்ச நாளை இவை செத்த நாளாக்கிப்போட்டினம்.

முன்வரிசையில எனக்கெண்டு போட்டிருந்த கதிரையை இழுத்துக்கொண்டு போனன். செருப்பைக் கழட்டிப்போட்டு அதில ஏறி மாலையைப் பிடுங்கி எறிஞ்சன். கொமிற்றி அண்ணை ஓடி வந்தார்.

“தங்கச்சி, இறங்குங்கோ. சனம் பார்க்குது.”

“பார்க்கட்டும். செத்த நாளை உங்களுக்கு ஆர் சொன்னது? உடம்பைக் கண்டனீங்களோ? பஸ் ஓட்டினவன் வந்து சொன்னவனோ? கொண்டுபோனவங்களுக்கும் இதுதானே வேணும்! நீங்களே ஆளைச் சாக்காட்டி மாலை போட்டால், எங்க அவர் எண்டு அவங்களிட்ட இனி ஆர் கேக்கிறது?”

 நான் படத்தைத் தூக்கிப் பார்த்தன். பின்னால கம்பி கொழுவியிருந்தது, கழண்டு வரேல்லை. இழுத்த இழுவையில கதிரை ஆடத் தொடங்கிச்சுது. ஆரோ வந்து கதிரையை இறுக்கிப் பிடிச்சினம்.

குனிஞ்சு பார்த்தன். தலை முழுக்க நரைச்ச சின்ன உருவம்.  அண்டைக்கு எங்கட படலைக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட தாய். சிட்னியில, ஸ்ட்ராத்ஃபீல்டில மகளோட இருக்கிறா, நினைவுநாளுக்கெண்டு வந்தவ எண்டு பிறகுதான் அறிஞ்சன். அந்த வரிசையில மூண்டாவது படம் அவவின்ர மகன்.

“அக்கா...” எண்டன். 

அவ என்னைப் பார்க்காமல் கொமிற்றி அண்ணையைப் பார்த்துச் சொன்னா: “என்ர பிள்ளையின்ர உடம்பைக் கொண்டுவந்து தந்தவை. நான் தொட்டுப் பார்த்தனான். அவன் இதில இருக்கட்டும். இந்த மனுசன் சாகேல்லை. என்ர பிள்ளையை ஏன் கொண்டுபோனனீர் எண்டு கேக்க நான் இன்னும் உயிரோட இருக்கிறன். எனக்குப் பதில் சொல்லாமல் இவர் படமாகேலாது.”

பிறகு என்னைப் பார்த்து, “கம்பியை மேல தள்ளு பிள்ளை, கழண்டிடும்” எண்டா.

கழண்டது. ரெண்டு பேருமாய்த்தான் தூக்கிக்கொண்டு போய் என்ர காருக்குள்ள வைச்சம். கொமிற்றி ஆக்கள் ஒருத்தரும் கிட்ட வரேல்லை.

திரும்பி வந்து அவ மகனுக்குச் சுடர் ஏத்தினா. வாசல் பக்கத்தால காத்து. நான் கையால மறைச்சுப் பிடிச்சன்.

“அண்டைக்கு நான் யன்னலுக்குப் பின்னால நிண்டனான் அக்கா.”

“தெரியும். கண்டனான்” எண்டா.

மன்னிச்சிட்டன் எண்டு அவ சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. ஆனால் என்ர போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனா. இப்ப ஞாயிற்றுக்கிழமைதோறும் காலமை போன் எடுப்பா. சுகம் விசாரிக்கிறேல்லை, நேரே விசயத்துக்கு வருவா.

“வந்திட்டாரோ?”

“இல்லை அக்கா.”

“வந்தால் எனக்குச் சொல்லு.”

“ஓம் அக்கா. அவருக்குச் சோறு போட முந்தியே உங்களுக்கு எடுப்பன்.”