நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கோபம் வந்தால் இருசம்மாளுக்குப் பேச்சு நின்றுவிடும். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நின்ற பேச்சு, சாயங்காலம் கொட்டகையை விட்டுக் கிளம்பும்வரை திரும்பவில்லை.

அண்ணாகிராமத்துக்கு வெளியே இருக்கும் அந்த முந்திரிக் கொட்டகையில் பதினாறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, வறுத்த கொட்டைகளைக் கட்டையால் தட்டிப் பருப்பெடுப்பார்கள். இருசம்மாள் பதின்மூன்று வயதில் ஏழாம் வகுப்பிலிருந்து நேராக வந்து உட்கார்ந்தவள். இப்போது நாற்பத்தேழு.

மேஸ்திரி இளவரசு அன்று கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தான். அதில் ஒரு மாத இதழின் பக்கம் இருந்தது. சிதம்பரத்தில் இருக்கும் நாவலாசிரியர் நடனசபாபதி, தானும் தன் வாசக நண்பர்களும் அந்த மாதம் என்ன படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதும் பக்கம். மேலே ஒரு படம். கறுப்பேறிய இரண்டு கைகள் ஒரு நாவலைப் பிடித்திருந்தன.

"எல்லாரும் கொஞ்சம் தட்டறத நிறுத்துங்க. நம்ம இருசம்மாக்கா பேப்பர்ல வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு இளவரசு சத்தமாகப் படித்தான்.

"எங்கள் வட்டத்தில் முந்திரி உடைக்கும் சகோதரி ஒருவரும் உண்டு. பெயர் இருசம்மாள். ஏழாம் வகுப்பைத் தாண்டாதவர். இப்போது என் 'ஓட்டுக்குள் ஒரு மழை' நாவலை மூன்றாம் முறையாக வாசித்துக்கொண்டிருக்கிறார். கதாநாயகி கொட்டகையில் உட்கார்ந்தபடி கண்ணீரைத் துடைக்கும் இடம் வந்ததும், முந்திரி உடைத்த கையாலேயே தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். எழுதுகிறவனுக்கு இதைவிட வேறென்ன விருது வேண்டும்?"

கொட்டகையே சிரித்தது.

"ஏன்க்கா, ரெண்டு கண்ணும் இருக்குதா? இல்ல ஒண்ண அந்த சாருக்கே விருதாக் குடுத்துட்டியா?" என்றாள் அமிர்தம்.

முந்திரி ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. பட்ட இடத்தில் தோல் வெந்து கொப்பளித்துவிடும். அதற்காகத்தான் விரல்களில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைக்கிறார்கள். பூசினாலும் விரல் கறுக்கும், உரியும். அந்தக் கையால் வேர்வையைத் துடைக்க மாட்டார்கள், மூக்கைச் சொறிய மாட்டார்கள். அழுகை வந்தால் தோளை உயர்த்தி ரவிக்கைக் கையில் கண்ணை ஒற்றிக்கொள்வார்கள். கொட்டகைக்கு வருகிறவளுக்கு முதல் நாள் கட்டையைக் கொடுக்கும் முன்பே சொல்லிக்கொடுக்கும் விஷயம் இது. முப்பத்து நான்கு வருஷம் உடைத்தவள் அந்தக் கையால் கண்ணைத் துடைத்தாள் என்று அச்சில் வந்திருக்கிறது.

சிரிக்காதவள் மலர்க்கொடி மட்டும்தான். அவள் பக்கம் திரும்பினான் இளவரசு.

"பாத்தியா? உங்கக்கா தொடைச்சிருக்காங்க, ஒண்ணும் ஆவல. நீதான் அன்னைக்கு ஆஸ்பத்திரி அது இதுன்னு ஊரையே கூட்டுன."

மலர்க்கொடி கட்டையைக் கீழே வைத்தாள். "நீயாக்கா அப்படிச் சொன்ன?" என்று கேட்டாள்.

இருசம்மாளுக்கு வாய் திறக்கவில்லை. அப்போது நின்றதுதான் அவள் பேச்சு.

மூன்று வருஷத்துக்கு முன் மலர்க்கொடி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். காய்ச்சலில் கிடந்த குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்தவள், நினைத்து நினைத்து அழுது, மறதியாகக் கையால் இடது கண்ணைத் துடைத்துவிட்டாள். இமை வெந்து வீங்கிவிட்டது. இருசம்மாள்தான் அவளைப் பஸ்ஸில் ஏற்றிக் கடலூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஐந்து நாள் கூட இருந்தாள். அந்தக் கண்ணில் இன்றைக்கும் வெயில் பட்டால் நீர் வடிகிறது. எதிரில் வருகிற ஆள் புகை மாதிரிதான் தெரிகிறார்.

அந்த ஐந்து நாளில்தான் பிரிசில்லா பழக்கமானார். அங்கே நர்ஸாக இருந்தவர். வராந்தாவில் உட்கார்ந்து தடித்த நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்த இருசம்மாளைப் பார்த்து, "இந்த புக்கு எங்கம்மா கெடச்சுது?" என்று நின்றார். மகள் கயல்விழி பள்ளிக்கூடத்துக்காக எடுத்துவந்த நூலகப் புத்தகங்களில் தொடங்கிய பழக்கம் அது. மகள் கல்யாணமாகிக் காட்டுமன்னார்கோயில் போய்விட்டாள், பழக்கம் போகவில்லை. வேலை முடிந்து வந்ததும் தேங்காயெண்ணெய் தேய்த்து, சோப்புப் போட்டு, கறுக்காத சுண்டுவிரலால் மட்டும் பக்கத்தைத் தள்ளிப் படிப்பாள். நூலகப் புத்தகத்தில் அவள் கறை பட்டதில்லை.

பிரிசில்லாதான் அவளை வாசகர் வட்டத்துக்கு அழைத்துப்போனார். ஒன்பது பேர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் மேலவீதியில் நடனசபாபதி வீட்டு மாடியில் கூடுவார்கள். வட்டமாக உட்கார்ந்து ஆளாளுக்கு இப்போது என்ன படிக்கிறோம் என்று சொல்வார்கள். நடனசபாபதி ஒரு நீளத் தாளில் குறித்துக்கொள்வார். அதிலிருந்துதான் இதழுக்குப் பக்கம் போகும். இருசம்மாள் கதவோரம் உட்கார்ந்து, புத்தகத்தின் பெயரைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வாள். மற்றவர்கள் பேசுவதைக் கேட்கவே அவள் இரண்டு பஸ் மாறி வருகிறாள்.

போன தடவைக்கு முந்தின தடவை அவர் தன் நாவலை அவளிடம் கொடுத்தார். "இதுக்கு நீங்கதாம்மா நீதிபதி" என்றார். அந்த வார்த்தையை அவள் நம்பிவிட்டாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரை படித்தாள். அங்கே கதாநாயகி முந்திரி உடைத்தபடியே புறங்கையாலும் விரலாலும் கண்ணைத் துடைத்துத் துடைத்து ஒன்றரைப் பக்கத்துக்கு அழுதாள். இருசம்மாள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

அடுத்த கூட்டம் முடிந்து எல்லோரும் மாடிப்படி இறங்கியபிறகு, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "சார், நாங்க ஒடைக்கிற கையால கண்ணத் தொடைக்க மாட்டோம். தொடைச்சா கண்ணு பூடும்."

அவர் சிரித்தார். "அது யதார்த்தம் இல்லம்மா, படிமம். கொஞ்சம் இந்தப் புத்தகத்தப் பிடிங்க, கைய மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்."

வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் பிடித்தாள். அந்தப் படம்தான் இது.

ராத்திரி கயல்விழி கூப்பிட்டாள். "அம்மா, ஒன் கையப் போட்டிருக்காங்க. நான் ஸ்டேட்டஸ் வச்சிட்டேன். மொகத்தையும் போட்டிருக்கலாம்."

"எடுத்துடு" என்றாள் இருசம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டி போய், வடலூரில் மாறி, புவனகிரி வழியாகச் சிதம்பரத்தில் இறங்கினாள். போகாமலே இருந்துவிடலாம் என்று வடலூர் வரைக்கும் நினைத்தாள். போகாவிட்டால் அச்சில் இருப்பதுதான் நிற்கும். தன் பேரைச் சொல்லியே இன்னொருத்தி கண்ணைத் துடைத்துவைப்பாள். மலர்க்கொடி கேட்ட கேள்வியும் அப்படியே நிற்கும்.

மாடியில் எல்லோரும் கை தட்டினார்கள். கல்லூரியில் பாடம் நடத்தும் அருள்மொழி எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். "வாங்க, நம்ம வட்டத்தோட ஸ்டார்" என்றார். இருசம்மாள் கீழேயே உட்கார்ந்தாள்.

அவள் முறை வந்தது. நடனசபாபதி பேனாவைத் திறந்துகொண்டு, "சொல்லுங்கம்மா" என்றார்.

"போன மாசம் நான் சொன்னது 'ஏழாவது ஸ்டேஷன்'. பனி பெய்யுற ஊர்ல தந்தி அடிக்கிற பொம்பளையோட கத. இப்பவும் அதான் படிக்கிறேன். முன்னூத்தி நாப்பது பக்கம் முடிஞ்சிருக்கு. ஒங்க நாவல மூணு தடவ படிச்சேன்னு யார் சார் சொன்னாங்க?"

குரல் நடுங்கியது. நடுக்கம் பயத்தில் வந்தது என்று நினைத்து அருள்மொழி சிரித்துக்கொண்டே புகுந்தார். "கதைன்னா கொஞ்சம் அப்படி இப்படி இருக்குந்தாங்க. எழுத்தாளருக்கு அந்த உரிமை உண்டு."

"கதையில தொடைக்கட்டும் சார். அது அவரு எழுதுன பொண்ணு, அவரு இஷ்டம். நான் தொடைச்சேன்னு ஏன் எழுதுனாரு? நான் கதையா?"

இருசம்மாள் பிரிசில்லாவைப் பார்த்தாள். பிரிசில்லா மடியிலிருந்த பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், நீங்க மலர்க்கொடி கண்ணக் கழுவுனீங்க. அஞ்சு நாளு. போன கூட்டத்துல நீங்களும் அந்த அழுவுற எடம் நல்லா வந்திருக்குன்னு சொன்னீங்க."

"படிக்கும்போது அந்தப் பொண்ணு ஞாபகம் வரல இருசம்மா" என்றார் பிரிசில்லா, தரையைப் பார்த்தபடி. அதற்குமேல் அவரைக் கேட்க ஒன்றுமில்லை. அந்தப் பதிலே இருசம்மாளுக்கு உள்ளே எரிந்தது.

நடனசபாபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க மனசு கஷ்டப்பட்டிருந்தா வருத்தப்படறேன். அடுத்த மாசம் 'ஒரு சிறு திருத்தம்'னு ஒரு வரி போட்டுடறேன். என்ன போடணும்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"நீங்க எழுத வேணாம் சார்."

அவள் எழுந்து போய் அவர் முன்னால் இருந்த தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்தாள். தரையில் வைத்துக் குனிந்து எழுதினாள். பேனா பிடித்துப் பழக்கமில்லாத கை, ஒவ்வொரு எழுத்துக்கும் நின்று நின்று போனது. எட்டுப் பேரும் காத்திருந்தார்கள். டீயில் ஆடை கட்டியது. அருள்மொழி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தது அவளுக்கு. இருபது நிமிடம் ஆயிற்று. எழுதி முடித்துச் சத்தமாகப் படித்தாள்.

"நான் இருசம்மாள். அண்ணாகிராமத்தில் முந்திரி உடைக்கிறேன். நடனசபாபதி சார் நாவலை ஒரு தடவைதான் எடுத்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மூடிவிட்டேன். முந்திரி உடைக்கிற கையால் நாங்கள் கண்ணைத் துடைக்க மாட்டோம். துடைத்தால் கண் கெட்டுவிடும். எங்கள் கொட்டகையில் ஒருத்திக்குக் கெட்டிருக்கிறது. நான் துடைத்தேன் என்று போட்டது பொய்."

"பொய்னு வேணுமா?" என்றார் நடனசபாபதி மெதுவாக. "தவறுன்னு மாத்திடுங்களேன். படிக்கிறவங்க வேற மாதிரி நினைப்பாங்க."

"தெரியாம எழுதியிருந்தா தவறு. இந்தப் படியில நின்னு நான் ஒங்ககிட்ட சொன்னேன். சொன்னப்புறம் எழுதுனீங்க."

இருசம்மாள் கைப்பேசியை எடுத்துத் தாளைப் படம் பிடித்தாள். இதழின் அந்தப் பக்கத்துக்கு அடியில், நீங்கள் வாசிப்பதையும் எழுதி அனுப்புங்கள் என்று ஒரு எண் போட்டிருந்தார்கள். பஸ்ஸிலேயே அதைப் பதிந்துவைத்திருந்தாள்.

"அம்மா, கொஞ்சம் யோசிச்சு அனுப்பலாமே" என்றார் அவர்.

"செவ்வாக்கெழமையிலேந்து அதத்தான் செய்றேன்" என்று சொல்லிவிட்டு அனுப்பினாள். அதையே மலர்க்கொடிக்கும் அனுப்பினாள்.

கோபம் இன்னும் இறங்கவில்லை. ஆனால் எழுந்து போகவேண்டும் என்று தோன்றவில்லை. தாளைப் புரட்டி, பின்பக்கத்தில் ஆளுக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு, அடுத்து உட்கார்ந்திருந்த அருள்மொழியைப் பார்த்தாள்.

"ஒங்க மொற சார். இன்னா படிக்கிறீங்க, எத்தன பக்கம் முடிஞ்சுது, சொல்லுங்க. நீங்க சொல்றததான் எழுதுவேன்."