ஸினேத்தாவின் மூன்றாவது காப்பி

ஊருக்குள் அயல் வண்டி ஒன்று வந்து நின்றால் ஸினேத்தாவுக்கு இருப்புக் கொள்ளாது. யார், எதற்கு வந்தார்கள் என்று தெரிந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். போஸ்னியாவின் இந்தச் சின்ன ஊருக்கு வியன்னாக்காரன் ரயில் விட்டான், பெல்கிரேடு ஆலை கட்டியது, போருக்குப் பிறகு அரபுக்காரர்கள் மசூதி கட்டினார்கள். இப்போது துருக்கி அரசு, தன் சுல்தான்கள் இந்த ஊரை ஆண்ட காலத்துக் குளியல் மண்டபத்தைப் புதுப்பிக்கப் போகிறதாம். அந்த மண்டபத்தின் முன்னறையில்தான் அவள் போர் முடிந்ததிலிருந்து காப்பிக்கடை நடத்துகிறாள். அது போனால் வேறு பிழைப்பு கிடையாது.

அங்காராவிலிருந்து வந்த அதிகாரி துர்ஹான் நேரே கடைக்கே வந்து உட்கார்ந்தார். வரவேற்புக் காப்பி வைத்தாள். தொலைக்காட்சித் தொடர் பார்த்தே துருக்கி மொழி பழகியவள், தயங்காமல் கேட்டாள்.

"ஏன் ஐயா, இவ்வளவு செலவு பண்றீங்களே, எங்ககிட்ட என்னதான் எதிர்பாக்கிறீங்க?"

"என்னக்கா இப்படிக் கேக்கிறீங்க? எங்க தாத்தனுங்க கட்டினது இது. நாங்க என்ன விருந்தாளியா? வீட்டு ஆளுங்கதானே."

அடுத்து, பேச்சுக்கான காப்பி வந்தது.

"அப்போ என் கடை?"

"இங்கே பெரிய திரை வைப்போம். நம்ம வரலாறு ஓடும்" என்று ஆரம்பித்தவர், அவள் கேட்டதைத் தவிர மற்ற எல்லாம் சொன்னார்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. மூன்றாவது காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பக்கத்தில் மூன்றாவது காப்பி வந்தால், 'போதும், எழுந்து போ' என்று பொருள். சின்னக் குழந்தைக்கும் தெரியும். துர்ஹானுக்குத் தெரியவில்லை. காலை நீட்டி இன்னும் வசதியாகச் சாய்ந்தார்.

"மூணாவது வேறயா? உபசாரம்னா இதுதான்க்கா. திறப்பு விழாவுக்கு எங்க தூதர் வருவார். அவருக்கும் மூணு குடுக்கணும், நீங்கதான் போடணும்."

மூலை மேசையில் செருப்புக்கடை ராஸிம் சிரிப்பை அடக்க மாட்டாமல் இருமினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் கடை தங்கும் என்று ஸினேத்தாவுக்குத் தெரிந்தது. ஆனால், சொன்னால் இந்த மனிதரின் முகம் எப்படிப் போகும் என்ற ஆவல் அவளை விடவில்லை. மூன்றாவது காப்பிக்கு என்ன பொருள் என்று சொல்லிவிட்டாள்.

துர்ஹான் நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். பிறகு, வந்ததிலிருந்து முதன்முதலாக அவளிடம் பதில் வேண்டி ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தப் பழக்கம் எப்பலேர்ந்துக்கா?"

"உங்க ஆளுங்க வந்து உக்காந்த காலத்துலேர்ந்துன்னு சொல்வாங்க."

ராஸிம் வாய்விட்டே சிரித்தார். துர்ஹான் மிச்சக் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்.

"கடை?" என்றாள்.

"விருந்தாளிதானேக்கா எழுந்து போகணும். வீட்டுக்காரி எங்கே போவாங்க?"