மருதமுத்துவின் மகள் படிக்கும் படிப்பு

“நர்சிங் ஏறியாச்சு. எக்கவுண்டிங் இன்னும் காணலயே?” என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்பார் மருதமுத்து. குருபோங் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் அவருடையது. அதில் ஏறுகிறவர்களுக்கு அப்போது சொந்தப் பெயர் செல்லாது. பிள்ளை என்ன படிக்கிறதோ அதுதான் பெற்றவர்களின் பெயர். ஜெயமணி அக்காவின் மகள் தாதியாகப் படிப்பதால் அக்கா ‘நர்சிங்’. பின் இருக்கையில் தூங்கி வழியும் பெரியவர் ‘மெக்கானிக்கல்’. கல்யாணமே ஆகாத நான் மட்டும் இன்னும் வெறும் ‘தம்பி’தான்.

மருதமுத்துவின் மீசையைப் பார்த்தால் அதட்டுகிற ஆள் என்று தோன்றும். வண்டி ஓட்டுவதோ பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற மாதிரி. மோட்டார் சைக்கிள்காரன் குறுக்கே விழுந்தாலும் திட்டமாட்டார். “போய்யா ராசா, ஒனக்குத்தான் அவசரம்” என்று வழிவிடுவார். பிறந்தது புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். தோட்டத்தை வீடமைப்புக்காரன் வாங்கியதும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவர், இப்போது எனக்கு அடுத்த வீட்டில் இருக்கிறார். மனைவி தவறிய பிறகு வீட்டில் அவரும் மகள் அனுசியாவும்தான்.

மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த அன்று வேன் முழுக்க லட்டு கொடுத்தார். படிப்பின் பெயர்தான் காலை வாரிவிட்டது. “சோசியாலஜி” என்றார். மறுநாள் ஜெயமணி அக்கா அண்ணன் மகனின் ஜாதகத்தோடு ஏறினார். “பாப்பா சோசியம் படிக்கிதாமே. இவனுக்கு எப்பக் கல்யாணம்னு பாக்கச் சொல்லுங்கண்ணே.”

“அய்யோ, அது இல்லலா. இது சோசியல் மாதிரி.”

பின் இருக்கை மெக்கானிக்கல் அதற்கென்றே விழித்தவர்போல, “பொண்ணு சோசியலா?” என்று கேட்டார். வேன் குலுங்கிச் சிரித்தது. இங்கே மலாய் மொழியில் ஒரு பெண்ணைச் ‘சோசியல்’ என்றால், அடங்காமல் ஊர் சுற்றுகிறவள் என்று பொருள். மருதமுத்துவின் காது சிவந்துபோனது. அடுத்த வாரத்திலிருந்து மகள் சைக்காலஜி படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

“பைத்தியத்துக்கு வைத்தியமாண்ணே?”

“கிட்டத்தட்ட அதான்.”

சைக்காலஜியாகவே இரண்டு வருஷம் ஓடியது. போன மாதம் விடுமுறைக்கு வந்த அனுசியா, பாச்சாங் கடையில் ஏதோ வாங்கிக்கொண்டு எங்களோடு வேனில் திரும்பினாள். “சைக்காலஜி வந்திருச்சா?” என்று ஜெயமணி அக்கா கன்னத்தைக் கிள்ளினார். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் சாலையைப் பார்த்தார். பச்சை விளக்கு விழுந்தும் வண்டி நகரவில்லை.

என்னைத் தவிர எல்லாரும் இறங்கிய பிறகு மெதுவாகக் கேட்டார். “அதுல என்னாதான்மா சொல்லிக் குடுக்கறாங்க?”

“குடும்பம், வேலை, மதம், சாதி, ஏழ்மை, தோட்டத்த விட்டு டவுனுக்கு வந்தவங்க... இப்படி ஒவ்வொண்ணும் ஒரு பாடம்பா.”

“இதெல்லாம் நம்ம லயத்துலயே இருந்திச்சே. இதுக்கா யூனிவர்சிட்டி?”

அவள் சிரித்தாள். பிறகு, “குற்றத்தப் பத்தியும் ஒரு பாடம் இருக்குபா. ஏன் சில பேரு தப்புக்குப் போறாங்க, ஜெயிலுக்குப் போனா வீட்டுல இருக்கறவங்க என்னா ஆவறாங்க. என்னோட கடைசி வருஷ ஆய்வே அதுதான்” என்றாள்.

மருதமுத்து கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அவருடைய தம்பி பரமேஸ்வரன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான் என்பது எங்கள் தாமான் குடியிருப்பில் அவர் சொல்லிவரும் செய்தி. பரமேஸ்வரன் அடிதடிக் கும்பலோடு சேர்ந்து, ஒருவனை வெட்டிவிட்டு, சிறையில் இருக்கிறான் என்பது எங்கள் தாமானுக்கே தெரிந்த செய்தி. ஆனாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும், “தம்பி லீவு கெடச்சி வரலயா?” என்று நாங்கள் விசாரிப்போம். மரியாதைக்குத்தான் கேட்கிறோம் என்று நினைத்துக்கொள்வோம். அவர், “கம்பெனில விடமாட்றான்லா” என்று சொல்லி முடிக்கும்வரை முறுக்குத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்றிலிருந்து வேனில் பட்டப்பெயர்கள் நின்றுபோயின. ஜெயமணி அக்காவை ஜெயமணி என்றே கூப்பிட்டார். ஒருநாள் இறங்கும்போது என் கையைப் பிடித்து, “பாப்பா ஆய்வு எழுதுனா அத லைப்ரரில வச்சிருவாங்களா தம்பி?” என்றார். வைப்பார்கள் என்றேன். “யாரு வேணாலும் எடுத்துப் படிக்கலாம்ல?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அவர் வீட்டில் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் துணி உலர்த்திக்கொண்டு நின்றார்கள். கோப்பையை வைத்த அனுசியா, “அப்பா, ஆய்வுக்கு வேற குடும்பம் பாத்துட்டேன். புலாவ் செபாங்ல. பேசறேன்னு சொல்லிட்டாங்க” என்றாள்.

நிம்மதி அடைவார் என்று எதிர்பார்த்தேன். முகம் சுருங்கிப்போனது. “அவங்களுக்கு வெக்கமா இருக்காதா?”

“இருக்குபா. அந்தம்மா அழுதுகிட்டேதான் பேசுனாங்க.”

நான் கிளம்ப எழுந்தேன். உட்காரச் சொல்லிக் கையமர்த்தினார். வேறு பக்கம் பார்த்தபடியே மகளிடம் கேட்டார். “சித்தப்பாவப் பத்தி ஒனக்கு எப்பத் தெரியும்?”

“பாரம் ரெண்டு படிக்கறப்ப. ஸ்கூல்ல சொன்னாங்க.”

“ஏன் எங்கிட்டக் கேக்கல?”

“நீங்க சிங்கப்பூர்னு சொல்லும்போது ஒங்க மொகத்தப் பாக்க முடியாதுபா. கேட்டா இன்னொரு தடவ சொல்லுவீங்க.”

அவமானம் ஒரு மனிதனை உட்கார்ந்த இடத்திலேயே சின்னதாக்கிவிடும் என்று அன்றுதான் கண்டேன். நான் தேநீரைக் குடிப்பதுபோல் காலிக் கோப்பையை வாயில் வைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை தீபாவளியும் விசாரித்த வாய் அது.

மருதமுத்து மகளின் மடியில் இருந்த கைப்பேசியைக் காட்டினார். “அதுலதான் பேசறத ரெக்கார்டு புடிப்பியா?”

“ஆமாபா.”

“எரைச்சல் இருந்தா கேக்காதுல்ல?”

அவள் தலையாட்டினாள். அவர் எழுந்தார். வாசலில் ஆட்கள் நின்றதால் கதவைச் சாத்தப் போகிறார் என்று நினைத்தேன். திறந்திருந்த கதவைத் தொடாமல் சுவரோரம் போய், மேலே கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து மகளுக்கு எதிரே உட்கார்ந்தார்.