ஸ்டேஷனுக்குத் துணைக்குப் போனவன்

இன்னைக்குக் காலையில பெரியகுளம் பஸ்ஸுக்கு நின்ன பக்கத்து வீட்டு ராணி அக்காவோட சங்கிலியை, பைக்குல வந்தவன் அறுத்துட்டுப் போயிட்டான். கழுத்தெல்லாம் கீறல். ஸ்டேஷனுக்குத் துணையா நான்தான் போனேன்.

எஸ்.ஐ. மேடம் அக்காவைப் பார்த்துக் கேட்டாக. "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரலாமாக்கா?"

"வேணாம் மேடம், லேசான கீறல்தான்"னேன் நான்.

"வீட்டுக்குத் தனியாப் போகப் பயமா இருக்கா?"

"அக்கா தைரியசாலி மேடம்."

"புகாரை நீங்க எழுதுறீகளா, நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதவா?"

"நான் எழுதித் தர்றேன் மேடம். என் கையெழுத்து நல்லாருக்கும்."

மேடம் பேனாவை மூடி வச்சாக. "அக்கா, இப்ப உங்களுக்கு முதல்ல என்ன வேணும்? உங்க வாயால சொல்லுங்க."

அக்கா என்னையப் பார்த்தாக. "இந்தத் தம்பி கொஞ்ச நேரம் வெளிய இருந்தாத் தேவலம்மா."

வெளிய பெஞ்சுல முக்கால் மணி நேரம் உக்காந்திருந்தேன். உள்ள அக்கா விம்மி விம்மி அழுகுறது கேட்டுச்சு. தைரியசாலின்னு சொன்னவன் நான்தான்.

வீட்டுக்கு வந்து பொண்டாட்டிகிட்டச் சொன்னேன். "கல்யாணமாகி இத்தனை வருசத்துல 'உனக்கு என்ன வேணும்'னு என்னைய யாருமே கேக்கலையே"ங்கிறா.

கமெண்ட்ல சிரிக்க வர்ற ஆம்பளைகள்லாம், உங்க வீட்டுலயும் ஒருக்கா கேட்டுட்டு வந்து சிரிங்க.