தசமபாகம் இல்லாத ஒயின்

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இந்தப் பனி நாட்டுக்கு வந்து பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கியபோது, பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரர் திராட்சைக்கொடிகளைக் குழி வெட்டிப் புதைத்துக்கொண்டிருந்தார். செத்தவற்றைத்தான் புதைப்பார்கள் என்று எண்ணியிருந்தேன். பனிக்காலம் முழுக்க மண்ணுக்கடியில் கிடந்தால்தான் வசந்தத்தில் துளிர்க்குமாம். அந்தப் பழத்தில் அவர் செய்த சிவப்பு ஒயினை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு புளிப்பு என்று அவருடைய ஒரே மகளே சொன்னாள். நான் குடிப்பதில்லை. புட்டியில் ஒட்டியிருந்த பெயரை மட்டும் படித்தேன்: 'தசமபாகம் கிடையாது.'

இதென்ன பெயர் என்று கேட்டேன். அந்தக் காலத்தில் விளைச்சலில் ஒரு பங்கு பாதிரியாருக்குப் போகவேண்டும். பத்தில் ஒன்று என்று பெயர்தான் தசமபாகம், இங்கே இருபத்தாறில் ஒன்று. ஆனால் தானியத்துக்கு மட்டுமே அந்த விதி. தலைமுறைகளாக இதே ஊரில் இருந்த அவருடைய முன்னோர் ஒரு வயலில் கோதுமையை நிறுத்திவிட்டு உருளைக்கிழங்கும் புல்லும் போட்டார்களாம். அந்த வயலுக்கு ஊரார் வைத்த பெயர் அது. பின்னால் வயல் மனைகளாகி, அதில் ஒன்றை அவரே விலைக்கு வாங்கி வீடு கட்டியிருந்தார். திராட்சையும் தானியம் இல்லையே. விதியை மீறாமலே விதியிலிருந்து தப்பியவர்கள்மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. விருந்தில் தன் ஒயினைத்தான் ஊற்றவேண்டும் என்பது அவர் ஆசை. விருந்துக்குப் பேசியிருந்த மண்டபத்தார் முடியாது என்றார்கள். நான் விசாரித்தேன். மதுவிலக்கு மதராஸில் வளர்ந்தவனுக்கு பர்மிட் விஷயம் தாய்ப்பால் மாதிரி. கடையில் வாங்கிய மதுவுக்கு மண்டபத்தில் அனுமதி உண்டு. வீட்டில் செய்ததை வீட்டில்தான் குடிக்கலாம்.

"அப்படியானால் முடிந்தது, முசியே," என்றார் பிரெஞ்சுக்காரர்.

"விருந்தை வீட்டில் வையுங்கள். எங்கள் ஊரில் வாசலில் பந்தல் போட்டுத்தான் கல்யாணம்."

மகள் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். காரை நிறுத்துகிற இடத்தில் என் கல்யாண விருந்தா என்று தாயிடம் பொருமினாள். பிறகு அவளே வந்து, மழை பெய்தால் என்ன செய்வீர்கள் என்று என்னைக் கேட்டாள். தார்ப்பாயை நானே இழுத்துக் கட்டினேன். மூங்கிலுக்குப் பதில் இரும்புக் குழாய்.

"குடிக்காத மனுஷர் சாராயப் பந்தல் போடறார். ஊருக்கு எழுதட்டுமா?" என்று கேட்டுவிட்டு, என் மனைவி அவர்களுடைய மேசை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டாள்.

விருந்தில் எல்லோரும் கோப்பையைத் தூக்கினார்கள். அவர் மட்டும் தூக்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு மிடறு குடித்து, கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள்.

"புளிக்குதுப்பா," என்றாள்.

மாப்பிள்ளை கோப்பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.